நாளுக்கு 40 ஜிபி வெப்சர்வர் லாக்: தேடவும் அலசவும் எந்தக் கருவி?

#1 தாமரைக்குளம்

வணக்கம். ஒரு கல்லூரிச் சேர்க்கை விண்ணப்பத் தளத்தைப் பார்த்துக்கொள்கிறேன். ஆறு என்ஜின்எக்ஸ் (வெப்சர்வர் மென்பொருள்) சர்வர்கள், அவற்றுக்கு முன்னால் ரிக்வெஸ்ட்டுகளைப் பங்கிட்டு அனுப்பும் ஒரு லோட் பேலன்சர். மற்ற மாதங்களில் லாக் (ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டுக்கும் சர்வர் எழுதும் ஒரு வரிப் பதிவு) கொஞ்சமாகத்தான் சேரும். பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் ஆறும் சேர்ந்து நாளுக்கு 40 ஜிபி வரை எழுதிவிடுகின்றன. மணிக்கொரு முறை கோப்பை மாற்றி, ஜிசிப் செய்து (சுருக்கி), ஒரு ஸ்டோரேஜ் சர்வருக்கு அனுப்பிவிடுகிறோம்.

என்னிடம் வரும் கேள்விகள் இப்படி இருக்கும். "காலை 10:40 வாக்கில் பணம் கட்டினேன், கணக்கிலிருந்து போய்விட்டது, விண்ணப்பம் பதிவாகவில்லை" என்று ஒரு மாணவி சொல்வார். அந்த ஒரே ஒரு ரிக்வெஸ்ட்டைத் தேடிப் பிடிக்க வேண்டும். அடுத்த நாள் நிர்வாகம், "நேற்று எந்தப் பக்கம் மெதுவாக இருந்தது, எத்தனை மணிக்கு?" என்று கேட்கும். இடையிடையே, வருகிறவர்களில் எத்தனை பேர் மனிதர்கள், எத்தனை பாட்கள் (தானியங்கி நிரல்கள்) என்ற கேள்வியும் வரும்.

இப்போதைக்கு இசட்கிரெப், ஆக் என்ற கட்டளைவரிக் கருவிகள்தான் கைவசம். எலாஸ்டிக்சர்ச் என்ற தேடல் மென்பொருளைப் போடலாம் என்று மேலே பேசிக்கொள்கிறார்கள். பார்த்துக்கொள்ள நானும் இன்னொருவரும் மட்டுமே. ஒரு நல்ல சர்வர் வாங்கப் பணம் கிடைக்கும். எதை எடுப்பது?

#2 மணிக்கூண்டு

எலாஸ்டிக்சர்ச், அதற்குத் திரையான கிபானா, லாக்கை அதற்கு அனுப்பும் ஃபைல்பீட். இந்த மூன்றையும் போடுங்கள். பத்து வருஷமாக எல்லோரும் இதைத்தான் வைத்திருக்கிறார்கள். சந்தேகம் வந்தால் இணையத்தில் பதில் கிடைக்கும்.

#3 கணக்கன்

கருவியின் பெயரைச் சொல்வதற்கு முன் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

கம்பைண்டு என்ற வழக்கமான லாக் வடிவத்தில் ஒரு வரி 250 முதல் 300 பைட் வரை வரும். அப்படியானால் 40 ஜிபி என்பது சுமார் 15 கோடி வரி. வெப் லாக் நன்றாகச் சுருங்கும். பொதுவெளியில் கிடைக்கிற நாசா கென்னடி விண்வெளி மையத்தின் 1995 ஜூலை லாக்கை எடுத்துக்கொள்ளுங்கள். விரித்தால் 205.2 எம்பி, ஜிசிப்பில் 20.7 எம்பி. பத்துக்கு ஒன்று. உங்களுக்கும் ஏறக்குறைய அதே விகிதம் வந்தால் நாளுக்கு 4 ஜிபி. வருஷம் முழுக்க இதே கூட்டம் என்று வைத்துக்கொண்டாலும், லாக்கை வைத்திருக்க வேண்டிய 180 நாளுக்கு 720 ஜிபிதான். ஒரே டிஸ்க்கில் அடங்கிவிடும்.

அடுத்தது வேகம். ஒரு கோர் ஜிசிப்பை விரிக்கும் வேகம் வினாடிக்கு 200 முதல் 400 எம்பி. எட்டுக் கோரும் வேலை செய்தால் ஒரு முழு நாள் லாக்கை 20 வினாடி சுமாருக்குப் படித்து முடிக்கலாம். ஆனால் ஒரு ஜிசிப் கோப்பை நடுவில் பிளந்து பல கோர்களுக்குப் பங்கிட முடியாது. உங்களிடம் ஆறு சர்வர், மணிக்கொரு கோப்பு, ஆக நாளுக்கு 144 கோப்புகள். அதுவே பெரிய வசதி. எக்ஸ்ஆர்க்ஸ் என்ற கட்டளையிடம் எட்டு எட்டாக ஓட்டச் சொன்னால் போதும். மாணவி 10:40 என்று சொல்லியிருக்கிறார் என்றால் நீங்கள் தேட வேண்டியது ஆறே கோப்புகள். இரண்டு மூன்று வினாடி வேலை.

உங்கள் கேள்விகளில் இரண்டு வகை இருக்கின்றன. ஒன்றைத் தேடுவது ஒரு வகை. கோடிக்கணக்கானதை எண்ணுவது இன்னொரு வகை. எலாஸ்டிக்சர்ச் லூசீன் மேல் கட்டப்பட்டது. எந்தச் சொல் எந்த ஆவணத்தில் இருக்கிறது என்ற தலைகீழ் அட்டவணைதான் அதன் அடித்தளம். முதல் வகைக்காகப் பிறந்தது அது. உங்களுக்கு நேரம் தின்பது இரண்டாவது வகை. முதல் வகைக்கு உங்களிடம் இருக்கிற இசட்கிரெப்பே நேரத்தைச் சொன்னால் பதில் சொல்லிவிடும்.

#4 இரவுப்பணி

கணக்கன் சொல்ற கணக்கு சரி. ஆனா எலாஸ்டிக்சர்ச்சை இவ்வளவு சீக்கிரம் ஓரங்கட்ட நான் ஒத்துக்க மாட்டேன்.

2021 டிசம்பர் நினைவிருக்கா? லாக்4ஜேங்கிற ஜாவா நூலகத்துல இருந்த லாக்4ஷெல் பாதுகாப்பு ஓட்டை வெளியே வந்த வாரம். 9, 10 தேதிகள்ல உலகம் பூரா தெரிஞ்சுது. ஆனா டிசம்பர் 1-ஆம் தேதியே முயற்சி நடந்திருக்குன்னு கிளவுட்ஃபிளேர் அப்புறமா சொன்னாங்க. அதாவது "இன்னைக்கு யாராவது தட்டுறானா"ன்னு பார்த்தா பத்தாது, பின்னாடி போயும் தேடணும். அதோட, அந்தத் தாக்குதல்ல வர்ற ஜேஎன்டிஐங்கிற சொல்லை நேரா தேடினா பாதி அகப்படாது. முதல் எழுத்தை மட்டும் ஒரு 'லோயர்' அழைப்புக்குள்ள ஒளிச்சு, சொல்லையே உடைச்சு அனுப்பினாங்க. புதுசு புதுசா உடைப்பாங்க, நாம திரும்பத் திரும்பத் தேடணும். ஒரு தேடலுக்கு 20 வினாடிங்கிறது ஒரு நாளைக்குத்தான். 90 நாளைப் புரட்டினா அரை மணி நேரம். அதை ராத்திரி முழுக்க மாத்தி மாத்தி ஓட்டிப் பாருங்க.

பாதுகாப்புக்குன்னு தனி ஆட்கள் இருந்து, பத்து பேர் ஒரே நேரத்துல தேடி, அலர்ட்டும் வேணும்னா எலாஸ்டிக்சர்ச்சும் அதுலேர்ந்து பிரிஞ்ச ஓப்பன்சர்ச்சும் காசுக்குத் தகுந்த வேலை செய்யும்.

#5 கணக்கன்

> 90 நாளைப் புரட்டினா அரை மணி நேரம்

நியாயமான பேச்சு, மறுக்கவில்லை. ஆனால் அதன் விலையையும் பார்ப்போம். எல்லா ஃபீல்டையும் இண்டெக்ஸ் செய்தால் டிஸ்க்கில் அசல் லாக் அளவுக்கு நெருக்கமாக வந்துவிடும். ஒரு ரெப்ளிகா (நகல்) வைத்தால் அதற்கு இரட்டிப்பு. நாளுக்கு 40 ஜிபி, 180 நாள் என்றால் ஒரு பிரதிக்கே 7 டிபியைத் தாண்டும். ஜாவா ஹீப்பை (அது தனக்கென எடுத்துக்கொள்ளும் நினைவகத்தை) மொத்த ராமில் பாதிக்கு மேல் போகாமலும் 32 ஜிபிக்குக் கீழேயும் வைக்க வேண்டும். ஷார்டு (இண்டெக்ஸின் துண்டு) ஒவ்வொன்றும் 10 முதல் 50 ஜிபிக்குள் இருக்கும்படி பார்க்க வேண்டும். எந்த வயதில் எந்த இண்டெக்ஸை நகர்த்துவது, எப்போது அழிப்பது என்று கொள்கை எழுத வேண்டும். இதெல்லாம் தெரிந்த ஒருவர் முழுநேரமாக இருந்தால் கவலையில்லை. தாமரைக்குளம் சொன்னது இரண்டே பேர், ஒரே சர்வர்.

#6 பாலாற்றங்கரை

கருவியைப் பற்றி இவ்வளவு பேசுகிறோம், லாக்கில் என்ன எழுதப்படுகிறது என்று யாரும் கேட்கவில்லையே.

என்ஜின்எக்ஸின் கம்பைண்டு வடிவத்தில் ஒரு ரிக்வெஸ்ட் எவ்வளவு நேரம் எடுத்தது என்பதே கிடையாது. "எந்தப் பக்கம் மெது?" என்ற கேள்விக்கு எந்தக் கருவி வைத்தாலும் அதிலிருந்து பதில் வராது. எழுதாததை எதுவும் தேடித் தர முடியாது.

நான் முதலில் செய்யச் சொல்வது இதைத்தான். லாக் வடிவத்தை, ஒவ்வொரு மதிப்பையும் பெயரோடு எழுதும் ஜேசானுக்கு மாற்றுங்கள். 1.11.8 பதிப்பிலிருந்து ஜேசானுக்குரிய எஸ்கேப் வசதி என்ஜின்எக்ஸிலேயே இருக்கிறது. ரிக்வெஸ்ட் டைம், அப்ஸ்ட்ரீம் (என்ஜின்எக்ஸுக்குப் பின்னால் இருக்கும் அப்ளிகேஷன் சர்வர்) ரெஸ்பான்ஸ் டைம், ஹோஸ்ட், எந்த சர்வர், ரிக்வெஸ்ட் ஐடி இத்தனையும் வரட்டும். ரிக்வெஸ்ட் ஐடியை ஹெட்டரில் வைத்து உள்ளே இருக்கும் அப்ளிகேஷனுக்கும் அனுப்பி, அதன் லாக்கிலும் எழுதச் சொல்லுங்கள். பணம் கட்டிய மாணவியின் கதையை என்ஜின்எக்ஸ் லாக்கிலிருந்து பேமெண்ட் லாக் வரைக்கும் ஒரே சரடாகப் பின்தொடர அந்த ஐடி ஒன்றே போதும்.

நேரத்தை ஐஎஸ்ஓ 8601 வடிவத்தில் (ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில்) எழுதுங்கள். பழைய வடிவத்தில் நாள் முதலில், மாதம் ஆங்கிலப் பெயரில் வரும். எழுத்து வரிசையில் அடுக்கினால் ஏப்ரல், ஆகஸ்ட், டிசம்பர் என்று போகும்.

இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை. என்ஜின்எக்ஸ் லாக்கில் இருப்பது ரிக்வெஸ்ட் முடிந்த நேரம். அப்பாச்சியின் வழக்கமான லாக்கில் இருப்பது ரிக்வெஸ்ட் வந்து சேர்ந்த நேரம். 50 வினாடி இழுத்த ஒரு பேமெண்ட் பெரும்பாலும், மாணவி பட்டனை அழுத்திய நிமிடத்தில் இருக்காது, அடுத்த நிமிடத்தில் இருக்கும். சொன்ன நேரத்தில் தேடிவிட்டு "அப்படி எதுவும் வரவில்லையே" என்று சொல்லிவிடாதீர்கள். கூடவே 499 என்ற ஸ்டேட்டஸ் எண்ணையும் பாருங்கள். பதில் வருவதற்குள் உலாவியை மூடிவிட்டாலோ இணைப்பு அறுந்தாலோ என்ஜின்எக்ஸ் எழுதுகிற எண் அது. "பணம் போனது, பதிவாகவில்லை" என்ற புகாரில் நான் முதலில் தேடுவது அதைத்தான்.

#7 தாமரைக்குளம்

பாலாற்றங்கரை, மிக்க நன்றி. 499 பற்றிச் சொன்னதை வைத்து நேற்றைய லாக்கில் பார்த்தேன். பேமெண்ட் முடிந்து திரும்பி வரும் முகவரியில் மட்டும் 499 குவிந்து கிடக்கிறது. அதற்கான வேலை தனியாகத் தொடங்கியாயிற்று. லாக் வடிவத்தையும் இன்று மாலை மாற்றுகிறோம்.

கணக்கன் அண்ணா, எண்ணுவதற்கு எது சரி? கோஅக்சஸ் போதுமா? லோக்கி என்று ஒருவர் சொன்னார்.

#8 மணிக்கூண்டு

கோஅக்சஸ் நல்ல கருவி. டெர்மினலிலேயே ஓடும், எச்டிஎம்எல் அறிக்கையும் தரும். அரை மணி நேரத்தில் நிறுவி நிர்வாகத்திடம் காட்டிவிடலாம். ஆனால் அது கேட்க நினைத்திருக்கிற கேள்விகளைத்தான் நாமும் கேட்க முடியும். "பேமெண்ட் பக்கம், மூன்றாவது சர்வர், 10 முதல் 11 மணி, மொபைல் மட்டும்" என்று குறுக்கே வெட்டிப் பார்க்க அது உதவாது.

#9 இரவுப்பணி

லோக்கி பத்தி நான் சொல்றேன், ரெண்டு வருஷமா ஓட்டுறோம். அது வரிகளுக்குள்ள இருக்கிறதை இண்டெக்ஸ் பண்றதில்ல, லேபிளை மட்டும்தான் பண்ணும். அதனால டிஸ்க் செலவு ரொம்பக் கம்மி, ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜ்ல போட்டுடலாம். ஏற்கெனவே கிராஃபானா டேஷ்போர்டு வச்சிருக்கிறவங்களுக்கு சுலபம். ஆனா ஐபி, யூஆர்எல், ரிக்வெஸ்ட் ஐடி மாதிரி லட்சக்கணக்குல மதிப்பு வர்ற எதையும் லேபிளா வச்சீங்கன்னா படுத்துடும். லேபிள்னா சர்வர் பேரு, சூழல், லாக் வகை, அவ்வளவுதான். மத்ததெல்லாம் அது கிரெப் மாதிரி வரியைப் படிச்சுத்தான் தேடும். ஒரு வாரத்துக்கு யூஆர்எல் வாரியா 99-ஆவது பெர்சன்டைல் (நூத்துல 99 ரிக்வெஸ்ட் எவ்வளவு நேரத்துக்குள்ள முடிஞ்சுதுங்கிற எண்) கேட்டா காத்துக்கிட்டு இருக்கணும்.

#10 கணக்கன்

எண்ணுவதற்கு நெடுவரிசையாகச் சேமிக்கிற தரவுத்தளம்தான் என் பரிந்துரை. ஒரு லாக் வரியில் பதினைந்து ஃபீல்டு இருக்கும். "மணி வாரியாக எது மெது" என்ற கேள்விக்கு வேண்டியது நேரம், யூஆர்எல், எடுத்துக்கொண்ட நேரம் என்று மூன்றே மூன்று. நெடுவரிசையில் இருந்தால் அந்த மூன்றை மட்டும் டிஸ்க்கிலிருந்து படித்தால் போதும். யூசர் ஏஜென்ட் என்ற நீளமான வாலைத் தொடவே வேண்டாம். ஒரே மாதிரியான மதிப்புகள் பக்கத்தில் பக்கத்தில் வருவதால் சுருங்குவதும் நன்றாகச் சுருங்கும்.

இதில் இரண்டு கருவிகளைச் சொல்வேன்.

டக்டிபி: ஆம்ஸ்டர்டாமில் இருக்கும் சிடபிள்யூஐ ஆய்வு நிறுவனத்தில் பிறந்தது. 1.0 பதிப்பு 2024 ஜூனில் வந்தது. சர்வர் எதுவும் ஓட வேண்டாம். ஒரே ஒரு நிரல், அவ்வளவுதான். ஜிசிப் செய்த ஜேசான் கோப்புகளை அப்படியே எஸ்கியூஎல் போட்டுக் கேட்கலாம். ஒவ்வொரு மணிக் கோப்பையும் ஒரு முறை பார்க்கேவாக (நெடுவரிசையாகச் சேமிக்கும் கோப்பு வடிவம்) மாற்றி, நாள் வாரியாக அடைவுகளில் வைத்துவிட்டால் பிறகு வரும் கேள்விகள் எல்லாம் வினாடிக் கணக்கில் முடியும். "நேற்று என்ன நடந்தது" என்று கேட்கிற இரண்டு பேருக்கு இது போதும்.

கிளிக்ஹவுஸ்: யாண்டெக்ஸ் தன் மெட்ரிகா சேவைக்காக, அதாவது இணையப் பக்கங்களின் வருகையை எண்ணுவதற்காகவே கட்டியது. 2016-இல் திறமூலமாக வெளிவந்தது. கிளவுட்ஃபிளேர் தன் எச்டிடிபி கணக்குகளை இதில்தான் வைத்திருக்கிறது. உபரும் தன் லாக்குகளை எலாஸ்டிக் அடுக்கிலிருந்து இதற்கு மாற்றியதை 2021-இல் எழுதியது. இப்போது நடப்பது இப்போதே தெரிய வேண்டும், பலர் டேஷ்போர்டு பார்க்க வேண்டும் என்றால் இதற்கு வாருங்கள். ஒரு சர்வரிலேயே ஓட்டலாம். 180 நாளான வரிகளை அதுவே அழிக்கும்படி டேபிளிலேயே எழுதி வைக்கலாம். ரிக்வெஸ்ட் ஐடிக்கு ஒரு புளூம் ஃபில்டர் இண்டெக்ஸ் (தேடும் ஐடி இல்லாத பகுதிகளைப் படிக்காமல் தாண்ட உதவுவது) வைத்தால் ஐடியை வைத்து ஒற்றை ரிக்வெஸ்ட்டைத் தேடுவதும் வேகமாகிவிடும். ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். வரி வரியாக உள்ளே தள்ளாதீர்கள், ஆயிரக்கணக்கில் சேர்த்துத் தள்ளுங்கள். லாக் அனுப்பும் கருவிகளான வெக்டர், ஃப்ளூயண்ட் பிட் இரண்டுமே அப்படிச் சேர்த்து அனுப்பும்.

இன்னொன்று: சராசரியை நம்பாதீர்கள். ஆயிரம் பேரில் 980 பேருக்கு 0.1 வினாடி, 20 பேருக்கு 30 வினாடி என்றால் சராசரி 0.7 வினாடிதான் வரும். பார்ப்பதற்கு எல்லாம் நலமாகத் தெரியும். அந்த 20 பேர்தான் உங்களுக்குத் தொலைபேசியில் அழைக்கிறவர்கள். 95, 99-ஆவது பெர்சன்டைலைப் பாருங்கள். அதையும் ஆறு சர்வருக்குத் தனித்தனியாக எடுத்து சராசரி போடாதீர்கள். எல்லா வரிகளையும் ஒன்றாக வைத்துத்தான் எடுக்க வேண்டும். எல்லாம் ஒரே இடத்தில் சேர வேண்டும் என்று நான் அடம்பிடிப்பதற்கு இதுவே முதல் காரணம்.

#11 மணிக்கூண்டு

காசு கொடுத்து வாங்கும் ஸ்பிளங்கை யாரும் சொல்லவில்லையே?

#12 இரவுப்பணி

தேடுறதுக்கு அருமையான கருவி, மறுக்கவே முடியாது. நாளுக்கு எத்தனை ஜிபி உள்ளே போகுதுங்கிறதை வச்சுத்தான் வழக்கமா லைசென்ஸ் விலை. வருஷத்துல ஒரு மாசம் மட்டும் 40 ஜிபி வர்ற தளத்துக்கு அந்தக் கணக்கு ஒத்து வராது.

#13 நெல்லைச்சீமை

பாட் கேள்வியை எல்லோரும் விட்டுவிட்டீர்கள். அதில் இரண்டு பொறிகள் இருக்கின்றன.

உங்கள் முன்னால் லோட் பேலன்சர் இருக்கிறது. என்ஜின்எக்ஸில் ரியல்ஐபி (வந்தவரின் உண்மையான ஐபியை எடுக்கும் வசதி) அமைக்காவிட்டால் லாக்கில் இருக்கும் ஐபி எல்லாம் அந்த பேலன்சரின் ஐபிதான். அதைச் சரிசெய்த பிறகும் ஐபி ஒன்று, ஆள் ஒன்று என்று எண்ணிவிடாதீர்கள். நம் ஊரில் பெரும்பாலான மாணவர்கள் வருவது மொபைலில். மொபைல் வலையில் ஆயிரக்கணக்கானோர் ஒரே ஐபிவி4 முகவரிக்குப் பின்னால் இருப்பார்கள். ஒரு ஐபியிலிருந்து ஒரு மணி நேரத்தில் ஐயாயிரம் ரிக்வெஸ்ட் வந்தது என்று அடைத்தால், ரிசல்ட் நாளில் ஒரு வட்டாரத்துப் பிள்ளைகள் அத்தனை பேரையும் வாசலில் நிறுத்திவிடுவோம். ஐபியோடு யூசர் ஏஜென்ட், போகிற பாதை, இடைவெளி எல்லாம் சேர்த்துப் பாருங்கள். மனிதர் படிவத்தைத் திறந்தால் சிஎஸ்எஸ், படம் எல்லாம் கூடவே இறங்கும். வெறும் படிவப் பக்கத்தை மட்டும் வரிசையாக எடுப்பது மனித நடை இல்லை.

கூகுள்பாட் என்று சொல்லிக்கொண்டு வருவதையும் அப்படியே நம்ப வேண்டாம். ஐபியை ரிவர்ஸ் டிஎன்எஸ்ஸில் (ஐபிக்கு உரிய பெயரைச் சொல்லும் தேடல்) பார்த்து, வரும் பெயர் கூகுளின் டொமைனில் முடிகிறதா, அதை மறுபடி ஐபியாக்கினால் இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். கூகுளே சொல்லும் முறை அது.

#14 பாலாற்றங்கரை

எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சேர்ப்பதற்கு முன் ஒன்று சொல்ல வேண்டும். இது மாணவர்களின் தரவு. யூஆர்எல்லில் கேள்விக்குறிக்குப் பின்னால் என்னென்ன போகிறது என்று பாருங்கள். கைபேசி எண், பிறந்த தேதி, பாஸ்வேர்டு மாற்றும் டோக்கன் எல்லாம் அங்கே கிடப்பதைப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். தேட வசதியான லாக் என்றால் திருடவும் வசதியான லாக்தான். எழுதும் இடத்திலேயே மறையுங்கள், பிறகு பார்க்கலாம் என்று விடாதீர்கள்.

அதே நேரம் அழிக்கவும் அவசரப்படக் கூடாது. இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-இல் கொடுத்த உத்தரவுப்படி லாக்குகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும், பாதுகாப்புச் சம்பவத்தை அறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். அந்த 6 மணி நேரத்துக்குள் பழைய லாக்கில் தேடி ஏதாவது சொல்ல முடியுமா என்பதையும் கருவி எடுக்கும்போது யோசியுங்கள். ஜிசிப் செய்த மூலக் கோப்புகளை அந்த 180 நாளுக்குள் எந்தக் காரணம் கொண்டும் அழிக்காமல் தனியாக வையுங்கள். மேலே வைக்கிற கருவி நாளைக்கு மாறலாம்.

#15 இரவுப்பணி

இதை அப்படியே ஒத்துக்கிறேன். மூலம் பத்திரமா இருந்தா மத்ததை எப்ப வேணும்னாலும் திரும்பக் கட்டிக்கலாம்.

#16 தாமரைக்குளம்

இன்று இருவரும் உட்கார்ந்து பேசினோம். மூல ஜிசிப் கோப்புகள் 180 நாளுக்குத் தனி டிஸ்க்கில். மணிக்கொரு முறை பார்க்கேவாக மாற்றி டக்டிபியில் கேட்பது. ஒற்றைப் புகார்களுக்கு ரிக்வெஸ்ட் ஐடியும் ரிப்கிரெப் என்ற தேடல் கருவியும். அடுத்த சேர்க்கைக் காலத்துக்குள் நிர்வாகத்துக்கு நேரடி டேஷ்போர்டு வேண்டியிருந்தால் அதே கோப்புகளை கிளிக்ஹவுஸில் ஏற்றுவோம்.

ஒரு சிக்கல். மாணவர்களின் தரவை வைத்துப் பழகிப் பார்க்க மனம் வரவில்லை. பயிற்சிக்கு வேறு லாக் கிடைக்குமா? அதோடு, அப்ஸ்ட்ரீம் ரெஸ்பான்ஸ் டைமை எண்ணாக மாற்றும்போது சில வரிகள் தகராறு செய்கின்றன.

#17 கணக்கன்

பயிற்சிக்கு நான் மேலே சொன்ன நாசா லாக்கையே எடுங்கள். ஜூலை, ஆகஸ்ட் இரண்டும் சேர்த்து 34,61,612 ரிக்வெஸ்ட். மடிக்கணினியிலேயே ஓடும். பெரிதாக வேண்டுமென்றால் 1998 உலகக் கோப்பைக் கால்பந்துத் தளத்தின் லாக் இருக்கிறது. ஏப்ரல் 30 முதல் ஜூலை 26 வரை 135 கோடி ரிக்வெஸ்ட். அதில் ஐபிகளை நீக்கிவிட்டு வெறும் எண்களாக வைத்திருக்கிறார்கள், கோப்பு பைனரி வடிவத்தில் இருக்கும், அதனால் முதலில் மாற்ற வேண்டியிருக்கும்.

நாசா லாக்கில் உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன். ஆகஸ்ட் மாதத்தை மணி வாரியாகத் தொகுத்து எண்ணுங்கள். 1-ஆம் தேதி பிற்பகல் 2:52 முதல் 3-ஆம் தேதி அதிகாலை 4:36 வரை ஒரு வரிகூட இருக்காது. எரின் புயலுக்காக சர்வரை நிறுத்தியிருந்தார்கள். ஆனால் சாதாரணமாக குரூப் பை போட்டால் அந்த மணிகள் விடையில் பூஜ்யமாக வராது, வரிசையிலேயே இருக்காது. வரைபடத்தில் கோடு நேராக இணைந்து எல்லாம் சரியாக ஓடியது போலக் காட்டும். டக்டிபியில் மணிகளின் முழுப் பட்டியலை ஜெனரேட் சீரிஸ் கொண்டு உண்டாக்கி அதோடு ஜாயின் செய்யுங்கள். கிளிக்ஹவுஸில் வித் ஃபில் என்று போட்டால் அதுவே நிரப்பும். உங்கள் ஆறு சர்வரில் ஒன்று லாக் அனுப்புவதை நிறுத்தினால் முதலில் தெரிய வேண்டியது இந்தக் கணக்கில்தான்.

#18 பாலாற்றங்கரை

அப்ஸ்ட்ரீம் டைம் தகராறுக்கு: அது எப்போதும் ஒற்றை எண்ணாக இருக்காது. முதல் அப்ஸ்ட்ரீம் தோற்று என்ஜின்எக்ஸ் இரண்டாவதை முயன்றிருந்தால் இரண்டு நேரங்களையும் காற்புள்ளி போட்டு எழுதும். அப்ஸ்ட்ரீமுக்கே போகாத ரிக்வெஸ்ட்டுக்கு, ஸ்டேடிக் கோப்பு மாதிரி, வெறும் கோடு போடும். எழுத்தாகவே உள்ளே எடுத்து, அந்தக் கோட்டினை நல் (வெற்று மதிப்பு) ஆக்கி, காற்புள்ளியில் பிரித்துக் கூட்டுங்கள். காற்புள்ளி இருக்கிற வரிகளைத் தூக்கி எறியாமல் தனி நெடுவரிசையில் எத்தனை முயற்சி என்று எண்ணி வையுங்கள். பேமெண்ட் முகவரியில் அந்த எண் ஒன்றுக்கு மேல் போகிற வரிகளை முதலில் எடுத்து, உங்கள் 499 வரிகளோடு ரிக்வெஸ்ட் ஐடி வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

#19 தாமரைக்குளம்

செய்துவிட்டேன். 499 வரிகளில் பெரும்பாலானவற்றில் இரண்டு முயற்சி இருக்கிறது, முதல் முயற்சி எல்லாமே ஒரே அப்ஸ்ட்ரீமுக்குப் போயிருக்கிறது. அந்த சர்வரைச் சுழற்சியிலிருந்து எடுத்துவிட்டோம். அதன் அப்ளிகேஷன் லாக்கை இப்போது பார்த்துக்கொண்டிருக்கிறேன்.